மார்பக இம்ப்ளான்ட்: கேள்விப்படுவதும் உண்மையும்

மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை பற்றி வீட்டில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடிவதில்லை. அதனால் இன்ஸ்டாகிராம் விளம்பரத்தையும் தோழியின் தோழி சொன்னதையும் நம்பி டாக்டர் முன்னால் போய் உட்கார்கிறார்கள். செய்துகொள்வதா, வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் சொந்த விருப்பம். அரைகுறைத் தகவலோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

நம்பிக்கை: ஒருமுறை செய்துகொண்டால் ஆயுளுக்கும் போதும்.

உண்மை: போதாது. முடிவெடுக்கும் முன் மனதில் வாங்க வேண்டிய முதல் விஷயம் இது. இம்ப்ளான்ட் வாழ்நாள் முழுக்க நீடிக்கும் பொருள் இல்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) தெளிவாகவே சொல்கிறது. ‘பத்து வருஷத்தில் கட்டாயம் மாற்றணும்’ என்பதும் சரியில்லை. தொந்தரவு தராதவரை அப்படியே விடலாம். ஆனால் ஆண்டுகள் ஏற ஏற மறு அறுவைக்கான வாய்ப்பும் ஏறும்.

வெளிப்பொருள் எது உள்ளே போனாலும் உடல் அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை வளர்த்துக்கொள்ளும். எல்லாருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும் அந்த உறை தடித்துச் சுருங்கி, இம்ப்ளான்ட்டை நெருக்கத் தொடங்கும். மார்பகம் கெட்டியாகும், ஒரு பக்கம் மேலே ஏறினாற்போல் வடிவம் மாறும், முற்றினால் வலிக்கும். மறுபடி கத்தி வைக்க நேர்வதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. 25 வயதில் செய்துகொள்கிறவர் அடுத்த அறுவைக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அழகுக்காகச் செய்வதற்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கைகொடுக்காது.

நம்பிக்கை: உள்ளே கிழிந்தால் உடனே தெரிந்துவிடும்.

உண்மை: உப்புநீர் நிரப்பியது என்றால் தெரியும், நீர் கசிந்து மார்பகம் சில நாளில் சுருங்கிவிடும், அந்த நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கோன் ஜெல் அப்படியில்லை. கிழிந்தாலும் ஜெல் அங்கேயே தங்கிவிடுவதால் வெளியே ஒரு மாற்றமும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் போகலாம். அதனால்தான் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 ஆண்டு கழித்து முதல் ஸ்கேன், பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறது எஃப்.டி.ஏ.

நம்பிக்கை: இம்ப்ளான்ட் வைத்தால் மார்பகப் புற்றுநோய் வரும்.

உண்மை: வழக்கமான மார்பகப் புற்றுநோய்க்கான அபாயம் இதனால் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதற்காக ‘புற்றுநோய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றியுள்ள நீரிலும் உறையிலும் உருவாகும் அரிய வகை லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) ஒன்று இருக்கிறது. எஃப்.டி.ஏ. 2011-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. பெரும்பாலும் மேற்பரப்பு சொரசொரப்பான இம்ப்ளான்ட் வைத்தவர்களிடம்தான் இது காணப்பட்டது. 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அறுவை முடிந்து பல ஆண்டு கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால், இம்ப்ளான்ட்டையும் உறையையும் முழுதாக எடுத்ததிலேயே பெரும்பாலோர் குணமாகிறார்கள். எனக்கு வைக்கப்போவது வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்று கேட்பது உங்கள் உரிமை.

மம்மோகிராம் எடுக்கப் போனால் டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இம்ப்ளான்ட்டைப் பின்னால் தள்ளிக் கூடுதலாகச் சில படங்கள் எடுப்பார்கள்.

இம்ப்ளான்ட் வைத்தபின் களைப்பு, மூட்டுவலி, மறதி என்று சில பெண்கள் சொல்வதை ‘எல்லாம் மனப்பிரமை’ என்று ஒதுக்குவது எனக்குக் கோபமூட்டுகிறது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. இம்ப்ளான்ட்டை எடுத்தபின் சிலருக்குக் குறைந்திருக்கிறது. 2021-ல் எஃப்.டி.ஏ. கட்டாயமாக்கிய எச்சரிக்கையில் இந்த அறிகுறிகளும் இடம்பெற்றுள்ளன.

நம்பிக்கை: பிறகு தாய்ப்பால் கொடுக்கவே முடியாது.

உண்மை: பலரால் கொடுக்க முடிகிறது. சிலருக்குப் பால் குறையலாம். முலைக்காம்பைச் சுற்றிக் கீறினால் பால் குழாய்களும் நரம்புகளும் அறுபட வாய்ப்பு உண்டு; மார்பகத்தின் கீழ் மடிப்பில் கீறினால் அந்த அபாயம் குறைவு. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், எங்கே கீறுவது என்று பேசும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

நம்பிக்கை: தளர்ந்த மார்பகத்தை இம்ப்ளான்ட் தூக்கி நிறுத்தும்.

உண்மை: அளவு கூடும், அவ்வளவுதான். தூக்கி அமைப்பதற்கு வேறு அறுவை சிகிச்சை உண்டு, அதன் தழும்பும் பெரியது. பெரிய இம்ப்ளான்ட்டின் கனத்தில் தளர்ச்சி அதிகமாகவும் செய்யலாம்.

க்ரீமும் மாத்திரையும் மார்பகத்தை வளர்த்ததாக நிரூபணம் இல்லை. விமானத்தில் இம்ப்ளான்ட் வெடிக்கும் என்பது வெறும் கதை.

யாரிடம் போவது? வாசலில் ‘காஸ்மெட்டிக்’ என்று போர்டு இருப்பது தகுதி ஆகாது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது டி.என்.பி. படித்தவரா, மயக்க மருந்து கொடுப்பவர் யார், ஏதாவது ஆனால் ஐ.சி.யூ. எங்கே என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கிற டாக்டர் உங்களுக்கு வேண்டாம்.

உள்ளே வைத்த இம்ப்ளான்ட்டின் நிறுவனப் பெயர், மாடல், சீரியல் எண் எல்லாம் ஒரு சிறிய அட்டையில் தருவார்கள். பிரான்ஸின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைகளில் பயன்படும் சிலிக்கோனை நிரப்பி விற்றது 2010-ல் அம்பலமானது. மறு ஆண்டு டிசம்பரில், சுமார் 30,000 பெண்கள் அதை எடுத்துவிடுவது நல்லது என்று அந்நாட்டு அரசு சொன்னது. இப்படி ஓர் அறிவிப்பு வரும்போது, உள்ளே இருப்பது எந்த இம்ப்ளான்ட் என்று அந்த அட்டையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்டு வாங்கி, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.