சங்கத்திற்கு ஒரு சிறு காமிரா

துணியை அளக்கும் கெஜக்கோலும் விளைபொருளை நிறுக்கும் தராசும் பொய் சொல்லக் கூடாது என்பது கூட்டுறவு இயக்கத்தின் முதற் பாடம். இக்காலத்தில் அவ்விரண்டோடு மூன்றாவது அளவுகோல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அது புகைப்படம். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்து வாங்குபவர் நமது தறியில் நெய்த சேலையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கைப்பேசித் திரையில் படத்தைப் பார்த்தே பணம் அனுப்புகிறார். அரக்குச் சிவப்புச் சேலை படத்தில் ஆரஞ்சாகத் தெரிந்திருந்தால், கைக்கு வந்த சேலையை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைக்கு ஒவ்வாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பவருக்கு உரிமையில்லை. அனுப்பிய செலவு, திரும்பி வந்த செலவு, கசங்கிய துணி, முடங்கிய முதல் ஆகிய நட்டம் எல்லாம் கடைசியில் அங்கத்தினரின் தலையிலேயே வந்து விழும்.

ஆகவே, சங்கத்திற்கு ஒரு காமிரா வாங்குவது ஆடம்பரம் ஆகாது. ஆயினும் எதை வாங்குவது, எவ்வளவு செலவிடுவது என்பதில் நிதானம் அவசியம். நாம் இங்கே வற்புறுத்த விரும்புவது இதுவே: பணத்தை முதலில் வெளிச்சத்துக்கும், அடுத்து லென்ஸுக்கும், கடைசியாகக் காமிரா உடலுக்கும் ஒதுக்க வேண்டும். கடைகளில் சொல்லப்படும் வரிசை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இருக்கும்.

கைப்பேசி போதாதா?

பல காரியங்களுக்குப் போதும். மகாசபைக் கூட்டம், தறிக்கூடம், மாம்பழக் கூடை முதலியவற்றைப் படம் பிடிக்கத் தனிக் காமிரா தேவையில்லை. ஆனால் கைப்பேசி, பார்ப்பவர் கண்ணுக்கு இனிமையாக இருக்கும் பொருட்டு, நிறத்தைத் தானாகவே கூட்டியும் இழைகளின் விளிம்பைக் கூர்மையாக்கியும் விடுகிறது. மனித முகத்துக்கு அது அழகு. சாயத்துக்கு அது பொய். இழையின் நெருக்கம், புட்டாவின் நுணுக்கம், சாயத்தின் உண்மை நிறம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகக் காட்ட வேண்டுமானால், எல்லா அமைப்புகளையும் நம் கையால் திருத்தக்கூடிய காமிரா வேண்டும்.

ஆடியில்லாக் காமிரா

முன்னாளில் தொழில் முறைப் படப்பிடிப்பாளர்கள் வைத்திருந்த காமிராவில், லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக ஒரு முகம் பார்க்கும் ஆடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். அந்த ஆடியை நீக்கிவிட்டு, ஒளியுணரியில் விழும் காட்சியை நேரே திரையில் காட்டும் காமிராவே ‘மிர்ரர்லெஸ்’ எனப்படுவது. 2008-இல் பானசோனிக் நிறுவனத்தின் லூமிக்ஸ் ஜி1 வெளிவந்தது முதல் இவ்வகை பெருகியது. ஆடி இல்லாமையால் உடல் மெலிந்தது, எடை குறைந்தது. படம் எப்படி வரும் என்பதை எடுப்பதற்கு முன்பே திரையில் காணலாம் என்பது புதிதாகக் கற்பவருக்குப் பெரிய உதவி.

இன்னொரு நன்மையும் உண்டு. லென்ஸ் பொருந்தும் வளையத்திற்கும் ஒளியுணரிக்கும் இடையிலுள்ள தூரம் இவற்றில் மிகக் குறைவு. நிக்கானின் பழைய ஆடிக் காமிராக்களில் அது 46.5 மி.மீ.; சோனியின் ஈ வகை உடலில் 18 மி.மீ. எஞ்சிய இடைவெளியில் ஓர் இணைப்பு வளையத்தைப் பூட்டி, பிலிம் காலத்து லென்ஸ்களைப் பயன்படுத்தலாம். தருமபுரியிலோ அரூரிலோ ஒரு பழைய ஸ்டூடியோவின் அலமாரியில் உறங்கும் 50 மி.மீ. லென்ஸ், பூஞ்சை பிடிக்காமல் இருந்தால், நமக்கு நன்கு உழைக்கும்.

ஒளியுணரியின் அளவு

சிறு காமிராக்களில் இரண்டு அளவுகளே நமக்கு முக்கியம். ‘மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்’ எனப்படுவது 17.3 மி.மீ. அகலமும் 13 மி.மீ. உயரமும் கொண்டது. ‘ஏபிஎஸ்-சி’ எனப்படுவது சற்றுப் பெரிது, ஏறக்குறைய 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. பெரிய உணரி மங்கிய ஒளியில் நன்கு வேலை செய்யும் என்பது மெய். ஆனால் துணி ஓடுவதில்லை. முக்காலியில் காமிராவை நிறுத்தி, நிதானமாக ஒளியேற்றி எடுக்கும் நமக்குச் சிறிய உணரியால் குறைவில்லை. மடிப்பு மடிப்பாக வைத்த சேலையில் முன் மடிப்பும் பின் மடிப்பும் ஒருங்கே தெளிவாக விழுவது சிறிய உணரியில் எளிது.

இனி, மெகாபிக்சல் என்னும் புள்ளிக் கணக்கு. 16 மெகாபிக்சல் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் படம், அகலவாக்கில் 4,608 புள்ளிகளை உடையது. அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் 15 அங்குல அகலப் படம் கிடைக்கும். விலைப்பட்டியலுக்கும் இணையக் கடைக்கும் இது தாராளம். இதற்குமேல் புள்ளிகளுக்காகப் பணம் கொடுப்பது அநாவசியம்.

இழையும் புள்ளியும்

நெசவாளர் மட்டுமே முழுமையாக உணரக்கூடிய ஒரு விஷயம் இங்கே உண்டு. மெல்லிய துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், இரண்டிலும் இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றுவதைக் கண்டிருப்போம். உணரியின் புள்ளி வரிசையும் துணியின் இழை வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் சந்திக்கும்போது, படத்திலும் அதே அலைகள் விழுகின்றன. இதனை ‘மோரே’ என்பர். அச்சொல்லே நீரலை போன்ற மினுக்குடைய ஒரு பட்டுத் துணியின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். அங்குலத்திற்கு 100 பாவு இழை கொண்ட துணியின் 45 அங்குல அகலம் முழுவதையும் படத்தில் அடக்கினால், 4,500 இழைகள் 4,608 புள்ளிகளில் விழும். இழைக்கு ஒரு புள்ளி! அலை தோன்றக் கேட்பானேன்? அதே துணியில் 4 அங்குலத்தை மட்டும் எடுத்தால், இழைக்கு 11 புள்ளிக்கு மேல் கிடைக்கும். பாவும் ஊடையும் தனித்தனியே தெரியும். எனவே முழுச் சேலைக்கு ஒரு படம், கரைக்கும் முந்திக்கும் அருகிலிருந்து வேறு படங்கள் என்று பிரித்தே எடுக்க வேண்டும். முழுப் படத்தில் அலை தோன்றினால், காமிராவைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்துக. அல்லது கோணத்தைச் சிறிது மாற்றுக.

எந்த லென்ஸ்?

உடலுடன் சேர்த்து விற்கும் சிறு ஜூம் லென்ஸே முதல் லென்ஸாக இருக்கட்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் அது பெரும்பாலும் 14–42 மி.மீ.; ஏபிஎஸ்-சியில் 16–50 மி.மீ. அகலக் கோணத்தில் வைத்து எடுத்தால் நேரான கரை வில்போல் வளைந்து தோன்றும். நெய்தவர் கோணலாக நெய்தார் என்று வாங்குபவர் எண்ணக்கூடும். ஆகவே ஜூமைப் பாதிக்கு மேல் நீட்டி, பின்னால் தள்ளி நின்று எடுக்க வேண்டும். ஒளித்துளையை எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைப்பது உத்தமம்.

இரண்டாவது லென்ஸ், அருகிலிருந்து எடுக்கும் மேக்ரோ லென்ஸ். ஒலிம்பஸ் 30 மி.மீ. எஃப் 3.5 மேக்ரோ, சோனி 30 மி.மீ. எஃப் 3.5 மேக்ரோ ஆகியவை சிறியவை. கையால் குவியம் திருப்பும் டிடிஆர்ட்டிசன் 40 மி.மீ. எஃப் 2.8 மேக்ரோ விலையில் இன்னும் எளியது. அசையாத துணிக்குக் கையால் குவியம் வைப்பது சிரமமில்லை. இந்த ஒரே லென்ஸ் விளைவிப்போர் அங்கத்தினருக்கும் பயன்படும். தக்காளி இலையின் அடிப்புறத்துப் பூச்சியையும் மாம்பூவின் நோயையும் தெளிவாகப் படம் எடுத்துப் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்தாரிடம் காட்டி ஆலோசனை கேட்கலாம்.

மூன்றாவதாக வேண்டுமானால், முகங்களுக்கு ஒரு லென்ஸ். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலைகளுடன் நெய்தவரின் பெயரும் புகைப்படமும் தாங்கிய அட்டையை இணைத்து விற்றது பலருக்கும் நினைவிருக்கும். நெய்தவரின் முகத்தைக் கண்டு வாங்குபவர், துணியின் பின்னுள்ள உழைப்பையும் மதிப்பார். ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8 அல்லது அதற்கு நிகரான லென்ஸ் இதற்குப் போதும். தொலைநோக்கு லென்ஸ் நமக்கு வேண்டுவதில்லை.

சிவப்பு நிறத்தின் சிக்கல்

உணரியின் புள்ளிகளில் பாதி பச்சைக்கும், கால் பங்கு சிவப்புக்கும், கால் பங்கு நீலத்துக்கும் உரியவை. அடர்ந்த சிவப்புத் துணியில் சிவப்புப் புள்ளிகள் மட்டும் முன்னதாக நிரம்பி வழிந்துவிடும். அப்போது நிறமும் மாறும், தையலின் நுணுக்கமும் மறையும். நமது மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள், தம் மொழியில் பெருமை எனப் பொருள்படும் ‘போர்கை’ என்ற பெயரில் அமைப்புக் கண்டு, மறைந்துகொண்டிருந்த பூந்தையலை மீட்டிருக்கின்றனர். அத்தகைய வேலையில் ஒவ்வொரு தையலும் மதிப்புடையது. படத்தில் அது வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிந்தால் உழைப்பே மறைந்ததாகும். இதற்குப் பரிகாரம் எளிது. ஒளியேற்றத்தை மூன்றில் இரண்டு படி குறைத்து எடுக்க வேண்டும். காமிரா திருத்தாத மூல வடிவமான ‘ரா’ கோப்பையும் சேமித்துக்கொள்ள வேண்டும். எனவே ‘ரா’ வசதி இல்லாத காமிராவை நாம் வாங்கலாகாது.

வெளிச்சமே மூலதனம்

பட்டு இழையின் குறுக்கு வெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவானது. அதனாலேயே அது ஒளியைப் பல திசைகளில் சிதறி மின்னுகிறது. நேர் முன்னிருந்து பாயும் ஃபிளாஷ், பட்டையும் ஜரிகையையும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வரும் மென்மையான ஒளியே நெசவை எடுத்துக் காட்டும். வெயில் நேரே படாத திண்ணையில், ஒரு பக்கம் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. வேப்ப மரத்தடி நிழலில் பச்சையும், செங்கல் சுவரின் அருகில் சிவப்பும் துணியில் ஏறும் என்பதை மறக்கலாகாது.

மின்விளக்கு வாங்குவதாயின், நிறங்காட்டும் குறியெண் 90-க்கு மேற்பட்டதாகப் பார்த்து வாங்குக. பகலொளியையும் மின்னொளியையும் கலக்க வேண்டாம். நமது மின்சாரம் 50 சுழற்சி கொண்டது. மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். மூடியின் வேகத்தை 1/50 அல்லது 1/100 என வைத்தால் படத்தில் பட்டைகள் விழா. ஒவ்வொரு முறையும் முதல் படத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைத் துணியருகே வைத்து எடுத்து, அதைக்கொண்டு வெண்மையைச் சரிசெய்ய வேண்டும்.

பழையது வாங்கும்போது

நல்ல நிலையிலுள்ள பழைய காமிரா சங்கத்திற்கு முற்றிலும் ஏற்றதே. 2014-இல் வந்த சோனி ஏ6000, 2015-இல் வந்த ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2 ஆகியவை இன்றும் நம் வேலைக்குப் போதுமானவை. புதியதே வேண்டுமெனில் கேனான் ஆர்50, நிக்கான் இசட்30 போன்றவற்றை ஒப்பிடலாம். கேனான் ஆர்100-இன் திரை மடங்காது, தொடுதலுக்கும் இயங்காது என்பதைக் கவனிக்க வேண்டும். துணியை மேலிருந்து எடுப்போருக்கு மடங்கும் திரை பெரும் வசதி.

மலிவாகக் கிடைக்கிறதென்று வழக்கொழிந்த வகையில் சிக்கிக்கொள்ள வேண்டாம். சாம்சங் என்எக்ஸ், நிக்கான் 1, கேனான் ஈஓஎஸ் எம் ஆகிய வரிசைகள் நின்றுபோயின. எம் வகை லென்ஸ் கேனானின் இன்றைய ஆர் வகை உடலில் பொருந்தாது. உடல் பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். லென்ஸ்கள் நெடுங்காலம் உழைப்பவை. ஆகவே லென்ஸின் பொருத்து வளையம் நிலைத்திருக்கும் வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்குமுன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை உண்டா என்று பார்க்கவும். வெள்ளைச் சுவரை எஃப் 16-இல் எடுத்துப் பார்த்தால் உணரியிலுள்ள தூசு தெரிந்துவிடும். மின்கலம் ஊதியிருக்கலாகாது. ரசீது இன்றி வாங்கவே கூடாது. தணிக்கையில் அது சங்கத்திற்குச் சங்கடம்.

செலவுப் பங்கீடு

ஒதுக்கிய தொகை 100 பங்கு என்றால், விளக்கு, முக்காலி, திரை, சாம்பல் அட்டை ஆகியவற்றுக்கு 25 பங்கு. லென்ஸ்களுக்கு 30 பங்கு. உடலுக்கு 35 பங்கு. இரண்டாவது மின்கலம், சேமிப்பு அட்டை, ஈரம் உறிஞ்சும் சிலிக்காவுடன் கூடிய பெட்டி ஆகியவற்றுக்கு 10 பங்கு என்று வைக்கலாம். ஒரே சங்கத்தால் இயலாவிடில் அண்டையிலுள்ள இரண்டு மூன்று சங்கங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, நாள் பிரித்துப் பயன்படுத்தலாம். கூட்டுறவின் பொருளே அதுதானே?

காமிரா ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். ஆனால் குறைந்தது இரண்டு அங்கத்தினராவது அதனை இயக்கக் கற்றிருக்க வேண்டும். எடுத்த படத்தை இணையத்தில் ஏற்றுமுன், நெய்தவரையே அழைத்துத் துணியையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுக. “இது என் சேலையின் நிறமே” என்று அவர் ஒப்புக்கொண்ட பின்னரே படம் வெளியே போகலாம். துணியைவிட அழகான படம் ஒருமுறை விற்றுத் தரும். துணியைப் போன்ற படமோ வாங்கியவரை மறுபடியும் அழைத்து வரும்.

கலந்தாலோசிக்க வினாக்கள்

1. நமது சங்கத் துணியில் அங்குலத்திற்கு எத்தனை இழை? அதன் எத்தனை அங்குலம் ஒரு படத்தில் அடங்கினால் இழை தெளிவாகத் தெரியும்?

2. சங்கக் கட்டிடத்தில் காலை எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தில் மென்மையான ஒளி கிடைக்கிறது?

3. சென்ற ஆண்டில் நிறம் வேறுபட்டதாகத் திரும்பி வந்த துணிகள் எத்தனை? அந்த நட்டத்தையும் ஒரு காமிராவின் விலையையும் ஒப்பிடுக.