மழலையர் வகுப்பில் மண்ணும் தண்ணீரும்

எல்.கே.ஜி. பிள்ளைக்கு அறிவியல் எதற்கு என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்கிறார்கள். சீருடையில் சேறு படிந்து வருவதைப் பார்த்தபின் எழுகிற கேள்வி இது. துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாத ஊரில் அவர்களுடைய வருத்தம் நியாயமானதே. அதற்குப் பழைய சட்டை ஒன்றைப் பையில் வைத்து அனுப்பினால் போதும். நான்கைந்து வயதுப் பிள்ளை காதால் கற்பதைவிடக் கையால் கற்பது அதிகம். 1939-இல் இந்தியாவுக்கு வந்த இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் நம்மைப் போன்ற இன்னொரு மலையூரான கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, பிள்ளைகளைச் செடி, நீர், கல், பூச்சி இவற்றோடு பழகவிட்டுக் கற்பிக்கும் முறையை மேலும் வளர்த்தார். விலை உயர்ந்த கருவி எதுவும் அதற்கு வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அருவங்காட்டிலிருந்து ரயிலில் உதகை நோக்கிப் போனால் அடுத்த நிலையம் கேத்தி. அங்கே 2009 நவம்பர் 10-ஆம் தேதி பதிவான ஒரு நாள் மழை 82 சென்டிமீட்டர். அந்த மழையிலும் மண்சரிவுகளிலும் நம் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவில் வீடு கட்டி வாழ்கிற நமக்கு மண்ணும் தண்ணீரும் வீட்டு விஷயம். பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் இதை எப்படி அறிமுகம் செய்வது என்பதை நமது மழலையர் வகுப்பு ஆசிரியைகளுக்கும், வீட்டில் செய்து பார்க்க விரும்பும் தாய்மார்களுக்குமாக எழுதுகிறோம்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு டம்ளர்களில் சமமாகத் தண்ணீர் ஊற்றி, இரண்டும் சமம் என்று பிள்ளைகள் ஒத்துக்கொண்டபின், ஒன்றை அகலமான கிண்ணத்திலும் மற்றதை ஒடுக்கமான உயரப் பாத்திரத்திலும் ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் உயரமானதைக் காட்டுவார்கள். திருத்த வேண்டாம். ஏழு வயதுவாக்கில்தான் இந்தத் தெளிவு வரும் என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே பல பிள்ளைகளிடம் செய்து பார்த்துச் சொன்னார். திரும்பத் திரும்ப ஊற்றி விளையாட விடுங்கள். சிந்தினால் துடைக்க ஒரு துணி பக்கத்தில் இருக்கட்டும். துடைப்பதும் பாடம்தான், துணி தண்ணீரைக் குடிக்கிறது, பிளாஸ்டிக் தாள் குடிக்கவில்லை என்பதை அவர்களாகவே சொல்வார்கள்.

ஒளுச் செய்யும் தண்ணீரையும் இப்படி அளக்கலாம். குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் ஒளுச் செய்ய, கீழே வாளி வைத்துத் தண்ணீரைப் பிடியுங்கள். பிறகு சொம்பில் எடுத்து இன்னொருவர் செய்யட்டும். இரண்டையும் டம்ளரால் எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு, அதாவது ஏறக்குறைய முக்கால் லிட்டர் தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. பிள்ளைகள் எண்ணி முடித்தபின் இதைச் சொன்னால் மனதில் நிற்கும். முன்னாலேயே சொன்னால் உபதேசமாகிவிடும். வாளியில் சேர்ந்த தண்ணீர் செடிக்கு.

தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு நம் ஊரைப் போல வசதியான இடம் கிடையாது. வெயில் நாளில் முற்றத்தில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கொரு முறை போய்ப் பார்க்கலாம். கோடு அப்படியே இருக்க, தண்ணீர் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். மூடுபனி இறங்கிய நாளில் இதையே செய்தால் கோட்டைவிட்டு அசையாது. டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த இரவில், தாழ்வான புல்வெளிப் பக்கம் வீடுள்ளவர்கள் ஒரு தட்டில் மெல்லிசாகத் தண்ணீர் ஊற்றி வெளியே வைத்துவிட்டு விடியற்காலையில் பார்க்கலாம். உறைபனி விழுந்திருந்தால் தட்டில் கண்ணாடி போல ஐஸ் இருக்கும். சமவெளிப் பிள்ளைகள் பிரிட்ஜைத் திறந்துதான் இதைப் பார்க்க முடியும்.

இனி மண். பிள்ளைகளைச் சாலையோரம் மலையை வெட்டிய இடத்திற்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, மேலிருந்து கீழே பார்க்கச் சொல்லுங்கள். மேலே கறுப்பாக, வேர்கள் நிறைந்த மண். அதன் கீழே சிவப்பாகவோ மஞ்சளாகவோ அடிமண். கறுப்பு எவ்வளவு குறைவு, சிவப்பு எவ்வளவு அதிகம் என்று கையை விரித்துக் காட்டச் சொல்லலாம். இலையும் புல்லும் மக்கி அந்தக் கறுப்பு மண் சேர மிக நீண்ட காலமாகும். மழையில் முதலில் போவதும் அதுதான்.

இரண்டையும் ஒவ்வொரு பிடி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியில் விழும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் மறுநாளும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். இலைத்துண்டுகள் மேலே மிதக்கும். ஜாடியை அசைக்காமல் வைப்பதுதான் வகுப்பில் கஷ்டம். பிள்ளைகளுக்கு எட்டாத அலமாரியில், ஆனால் பார்வைக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

அடுத்ததற்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். புத்தகங்களில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீளவாக்கில் வெட்டச் சொல்வார்கள். நீலகிரியில் அதற்குத் தடை இருப்பதால், காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் மூன்றைப் பெரியவர்கள் படுக்கவைத்து வெட்டிக் கொடுக்கட்டும். மூன்றிலும் ஒரே மண்ணை நிரப்பி, ஒன்றில் கடுகையும் வெந்தயத்தையும் நெருக்கமாகத் தூவுங்கள். நம் குளிருக்கு முளைத்து வேர் பிடிக்க இரண்டு, மூன்று வாரமாகும். நன்கு வளர்ந்தபின், இரண்டாவது கேனில் காய்ந்த இலைகளைப் பரப்புங்கள். மூன்றாவது வெறும் மண்ணாகவே இருக்கட்டும். மூன்றையும் ஒரே சரிவில் சாய்த்து, வாயருகே ஒவ்வொரு டம்ளர் வைத்து, பூவாளியால் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். செடியுள்ள கேனிலிருந்து ஏறக்குறையத் தெளிந்த நீர் வரும். இலை பரப்பியதிலிருந்து லேசாகக் கலங்கி வரும். வெறும் மண்ணிலிருந்து டீ நிறத்தில் வரும். டீ போலிருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக வளர்ந்த தேயிலைச் செடி மண்ணை மூடிக் காக்கிறது. புதிதாகச் செடி நட்டு நடுவில் வெறுமையாகக் கிடக்கும் நிலம்தான் மண்ணை இழக்கிறது. சரிவு நிலத்தில் எவ்வளவு மண் அரித்துப் போகிறது என்பதைப் பெரிய அளவில் இப்படியே அளந்து ஆராய்வதற்கு உதகையில் 1954 முதல் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது.

ஆனால் ஆசிரியைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல் நட்டால் மண்சரிவே வராது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது. மேல்மண் அரிப்பு வேறு, மலை சரிவது வேறு. மழைநீர் ஆழமாக இறங்கி, வெளியேற வழியில்லாமல் மண்ணைக் கனக்கச் செய்து, பிடிப்பையும் தளர்த்தும்போதுதான் சரிகிறது. சரிவின் காலை வெட்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இதையும் காட்டலாம். துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான டப்பாக்களில் சமமாகக் காய்ந்த மண்ணைத் தொங்கவிட்டு, ஒன்றில் மட்டும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கம் தாழும். பிறகு ஒரு தட்டில் ஈரமண்ணைச் சரிவாகக் குவித்து, உச்சியில் தீப்பெட்டியை வீடாக வையுங்கள். சரிவின் அடியைக் கரண்டியால் நேராக வெட்டி எடுத்துவிட்டு மேலே தண்ணீர் தெளித்தால், சற்று நேரத்தில் தீப்பெட்டி மண்ணோடு கீழே வரும். யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு இது போதும். வீட்டுக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறவர்களும், மழைநீர் வாய்க்காலில் குப்பை போடுகிறவர்களும் பிள்ளைகளின் கேள்விக்குத் தயாராக இருக்கட்டும்.

தண்ணீரை வடிகட்டும் செயலை எல்லாப் பள்ளிகளிலும் செய்கிறார்கள். அடிப்பகுதி வெட்டிய கேனில் துணி, கரித்தூள், மணல், கூழாங்கல் என்று அடுக்கிக் கலங்கல் நீரை ஊற்றுவது. செய்யலாம், ஆனால் தெளிந்து வந்த நீரை எந்தப் பிள்ளையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிருமி கண்ணுக்குத் தெரியாது. குடிக்கும் நீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும்.

மண் எடுக்கும்போது பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலிருந்து எடுக்க வேண்டாம். கண்ணாடித் துண்டு, ஆணி இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் முதலில் சலித்துப் பார்க்க வேண்டும். மண்புழு வந்தால் பார்த்துவிட்டு மண்ணிலேயே விடட்டும். தண்ணீர் உள்ள வாளியருகே பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, ஒரு நிமிடம்கூட. முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிய பிறகே சாப்பாட்டுப் பை திறக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், செப்டம்பர் கடைசியில் விதை தூவினால் அக்டோபர் நடுவில் கேன் தயாராகிவிடும். எண்ணெய் கேன்களும், மூடியுள்ள ஊறுகாய் ஜாடிகளும் வீட்டில் சும்மா கிடந்தால் கழுவிக் காயவைத்து நமது டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். வகுப்புக்கு மூன்று கேன்களும் ஆறு ஜாடிகளும் தேவைப்படுகின்றன.