வடக்கே காடு பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

காசி, பத்ரி என்று வடக்கே யாத்திரை போனவர்கள் ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். உங்கள் தலைமுறை கார்பெட், கான்ஹா, பரத்பூர், லடாக் என்று காடு பார்க்கக் கிளம்புகிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். கேட்டு வருகிறவர்களிடம் அவ்வப்போது சொன்னதை இங்கே மொத்தமாக எழுதியிருக்கிறேன்.

1. டெல்லிக்கு டிக்கெட் எடுக்கும் முன் கரைவெட்டிக்குப் போய் வாருங்கள். பக்கத்து அரியலூர் மாவட்டம்தான். விடியலில் திருச்சியை விட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். 1999-இல் சரணாலயமான ஏரி, 2024-இல் சர்வதேச ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தை மாதத்தில் அங்கே வரித்தலை வாத்துகள் இருக்கும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் தெரியும். திபெத், மங்கோலியா, லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. நீங்கள் வடக்கே போகுமுன் வடக்கு உங்களைத் தேடி வந்திருக்கிறது, அதை முதலில் பாருங்கள்.

பைனாகுலர் பிடிக்கவும் அங்கேயே பழகிக்கொள்ளுங்கள். பறவையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கருவியை மட்டும் கண்ணுக்கு உயர்த்த வேண்டும். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த இடம் தவறிப்போகும். சும்மா இருக்கும் மாலைகளில் கொள்ளிடக் கரையில் நின்று, அந்தரத்தில் சிறகடித்து நின்று மீனுக்குப் பாயும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியைக் கருவிக்குள் பிடித்துப் பாருங்கள். அது கைவந்தால் காட்டில் எதையும் பிடித்துவிடலாம். எட்டு மடங்கு பெருக்கும் கருவி போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். நம் மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போய், ஓசையில்லாமல் நடக்கவும் ஓர் இடத்தில் நிற்கவும் பழக்குங்கள்.

2. எப்போது போவது? வைகுண்ட ஏகாதசி உற்சவம் முடியும் வரை நம் ஊர்க்காரர்களுக்கு நகர மனம் வராது. அது நல்லதுதான். பறவைதான் வேண்டும் என்றால் தை, மாசியில் பரத்பூர் போங்கள். புலி, காட்டெருது வேண்டும் என்றால் சித்திரை, வைகாசியில் கான்ஹா. புல் காய்ந்து, ஓடைகள் வற்றி, இருக்கிற நீர்நிலைகளுக்கு விலங்குகள் வந்தே தீரும் பருவம் அது. வெயிலைப் பார்த்துப் பலர் அந்த மாதங்களைத் தவிர்க்கிறார்கள். திருச்சி வெயிலில் வளர்ந்தவர்களுக்கு அந்த பயம் வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை கான்ஹா உள்ளிட்ட மத்தியப் பிரதேசக் காப்பகங்களின் உட்பகுதி மூடியிருக்கும். கார்பெட்டின் திகாலா பகுதி நவம்பர் நடுவில்தான் திறக்கும்.

3. காட்டுக்குள் நுழையும் பெர்மிட்டை, பதிவு திறந்ததுமே, வனத்துறையின் இணையதளத்திலேயே எடுங்கள். பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். நகலை வைத்துக்கொண்டு வாசலில் மன்றாடிப் பயனில்லை.

4. ஜனவரிக் காலையில் திறந்த ஜிப்சியில் அடிக்கும் காற்று நம் மார்கழிக் குளிர் அல்ல. காது மூடும் குல்லா, கையுறை, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று சட்டை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். பளிச்சென்ற நிறம் வேண்டாம். சென்ட், வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் வீட்டுப் பெரியவர்களிடம், திகாலா வனத்துறை விடுதியில் சைவம் மட்டும்தான் என்று சொல்லுங்கள்.

5. இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் காட்டைப் பார்க்கப் போவதில்லை. காடு தெரிந்த ஒருவர் காட்டுவதைப் பார்க்கப் போகிறீர்கள். கைடு ஏறாமல் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அவரைச் சடங்குக்கு வரும் ஆள் என்று நினைத்து, நான்கு பேரும் தமிழில் ஊர்க்கதை பேசிக்கொண்டே போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையும் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

கைடு எப்படி வேலை செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் கண் பாதிநேரம் மரங்களில் இருக்காது, தரையில் இருக்கும். சட்டென்று ஓட்டுநரின் தோளைத் தொடுவார். புழுதியில் புலியின் பாதம். டயர் தடத்தின் மேல் பாதம் பதிந்திருந்தால் முந்தைய வண்டி போன பிறகு புலி நடந்திருக்கிறது. பாதத்தின் மேல் டயர் ஏறியிருந்தால் அது பழைய சேதி. பாதம் சதுரமாக அகன்றிருந்தால் பெரும்பாலும் ஆண், சற்று நீண்டிருந்தால் பெண். விளிம்பு உதிராமல் கூராக நிற்கிறதா என்றும் குனிந்து பார்ப்பார்.

பிறகு என்ஜினை நிறுத்தச் சொல்வார். அந்த அமைதியில் யாரும் வாய் திறக்காதீர்கள், பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அவர் குரல்களுக்காகக் காத்திருக்கிறார். புள்ளிமான் கீச்சென்று கத்தும். ஆனால் அது எதற்கெடுத்தாலும் மிரளும் பிராணி, அதை மட்டும் நம்பமாட்டார். மரத்து உச்சியில் மந்தி இருமுவது போலக் குரைத்தால், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்ப்பார். கடமான் கனத்த குரலில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கடமான் காரணமில்லாமல் கத்துவது அபூர்வம்.

இந்த அறிவு பள்ளிக்கூடத்தில் கிடைத்ததில்லை. கான்ஹாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோண்டு, பைகா மக்கள் வாழ்கிறார்கள். காப்பகத்துக்காக உள்ளிருந்த ஊர்களை வெளியே குடியேற்றியிருக்கிறார்கள். நமக்கு வழிகாட்டுகிறவரின் பாட்டனார் பிறந்த ஊர் இன்று புல்வெளியாக இருக்கலாம். அவரை மரியாதையாகப் 'பையா' என்று கூப்பிடுங்கள், பெண் கைடு என்றால் 'தீதி'. இந்தி வராவிட்டால் விலங்குப் பெயர்களையாவது முன்கூட்டியே கற்றுக்கொண்டு போங்கள்.

6. "புலி காட்டுவீர்களா?" என்று வண்டியில் ஏறியதும் கேட்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்தக் கேள்வி கைடை நெருக்குகிறது. அவர் ஓட்டுநரை நெருக்குகிறார். ஒரு சேதி கிடைத்ததும் எல்லா வண்டிகளும் ஒரே வளைவுக்குப் பறக்கின்றன. குட்டிகளோடு பாதையைக் கடக்க வந்த தாய்ப்புலி முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்து நிற்க, தவித்துத் திரும்புவதைப் பார்த்தவன் நான். அந்தக் கூட்டத்தில் நம் வண்டி இருக்கக் கூடாது. "தள்ளியே நிறுத்துங்கள், பரவாயில்லை" என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால் கைடின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

கான்ஹாவில் பாரசிங்கா மான் 1970-இல் 66 மட்டுமே மிஞ்சியிருந்தது. வேலி கட்டிப் பாதுகாத்து, புல்வெளிகளை மீட்டு, அந்த இனத்தை அழிவிலிருந்து காப்பாற்றினார்கள். காலைப் பனிப்புகையில் அந்த மான்கூட்டம் மேய்வதைப் பார்க்காமல், புலி கிடைக்கவில்லையே என்று முகம் சுருங்கித் திரும்புவது பெரிய இழப்பு. கார்பெட்டில் ராமகங்கை மணலில் கரியால் முதலைகள் கிடக்கும். 1936-இல் ஹெய்லி பூங்காவாகத் தொடங்கிய இடம் அது. 1973-இல் புலிகள் திட்டம் தொடங்கியதும் அங்கேதான். கைடிடம் அந்த ஆற்றங்கரையில் அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள்.

7. முதன்முறை போகிறவர்களுக்கு என் சிபாரிசு பரத்பூர்தான். ஜிப்சி கிடையாது. ரிக்‌ஷா ஓட்டுகிறவரே கைடு, பறவை அடையாளத்தில் பயிற்சி பெற்றவர். ஓட்டிக்கொண்டே மரக்கிளையில் ஆந்தை உறங்குவதைக் காட்டுவார். முட்டி வலியுள்ள பெற்றோரையும் அழைத்துப் போகலாம். நம் கரைவெட்டியைப் போலவே அதுவும் மனிதர் நீர் தேக்கியதால் உண்டான ஈரநிலம். மகாராஜாக்களின் வேட்டைக்களமாக இருந்தது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதை அங்குள்ள கல்வெட்டில் படிக்கலாம். சைபீரியக் கொக்குகள் அங்கே கடைசியாக வந்தது 2002 குளிர்காலத்தில். கல்வெட்டுக்கு முன் குழந்தைகளை நிறுத்தி இரண்டையும் சொல்லுங்கள்.

8. லடாக்கில் பனிச்சிறுத்தை பார்க்கும் ஆசை இருந்தால் அதை இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லே நகரமே 3,500 மீட்டர் உயரம். இறங்கிய முதல் இரண்டு நாள் அறையில் ஓய்வு. மாடிப்படி கூட மெதுவாக. தலைவலி, வாந்தி வந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. 2024-இல் வெளியான கணக்கில் நாடு முழுக்க 718 பனிச்சிறுத்தைகள், அதில் 477 லடாக்கில். அப்படியும், எதிர்மலையை நாள் முழுதும் தொலைநோக்கியில் துழாவும் உள்ளூர்க்காரர் இல்லாமல் ஒன்றுகூட நம் கண்ணில் படாது. ஓட்டலை விட்டு கிராமத்து வீடுகளில் தங்குங்கள். ஆட்டுப்பட்டியில் புகுந்த சிறுத்தையைக் கொல்லாமல் விட அந்தக் குடும்பங்களுக்கு அந்த வாடகை ஒரு காரணம்.

9. வண்டியை விட்டு இறங்காதீர்கள். எதற்கும் தீனி போடாதீர்கள். கைபேசியை வாசலில் வாங்கி வைத்தால் சந்தோஷமாகக் கொடுத்துவிடுங்கள்.

10. திரும்பும்போது கைடுக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியாக, அவரவர் கையிலேயே பணம் கொடுங்கள். விடுதிக் கணக்கில் சேர்த்துவிட்டால் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. புலி பார்த்த அன்று அதிகம், பார்க்காத அன்று குறைவு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் உழைப்பு இரண்டு நாளும் ஒன்றுதான். வீட்டில் சும்மா கிடக்கும் பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், சொந்தக் கருவி இல்லாத கைடுகள் நிறையப் பேர். மழைக்காலத்தில் வாசல் மூடியிருக்கும் மாதங்களில் அவர்களுக்கு சஃபாரி வருமானம் கிடையாது. தொகையை முடிவு செய்யும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.