நடுங்கும் வைரப்பூ

"சார், இருட்டறையில் வைரம் தானாக ஒளி வீசுமா?" ஆண்டுதோறும் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். வீசாது. (புறஊதாக் கதிர் பட்ட சில வைரங்கள் சற்று நேரம் மினுங்குவதுண்டு, அது வேறு கதை.) வந்த ஒளியைத் திருப்பித் தருவதே வைரத்தின் வேலை. அந்த வேலையை அதனிடம் முழுமையாக வாங்கத் தெரிந்தவர் ஆஸ்கர் மாசின்.

1829-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பிறந்து, பாரிஸில் தொழில் செய்த நகைக் கலைஞர் இவர். 1867-இல் அங்கு நடந்த உலகக் கண்காட்சியில் வைர மலர்களை வைத்தார். பெண்கள் மார்பில் குத்திக்கொள்ளும் 'புரூச்' என்ற ஊசிநகைகளில் அத்தகைய மலர்கள் இடம்பெற்றன. அக்காலத்தில் வைரத்தை வெள்ளியில் பதிப்பார்கள். வெள்ளி கறுத்து உடையில் கறை படியாதிருக்கப் பின்புறம் பொன் தகடு கொடுப்பார்கள்.

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. ஆகவே அதன் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 24½ டிகிரிதான், கண்ணாடிக்கோ 42. உள்ளே நுழைந்த ஒளி பின்பக்கப் பட்டைகளில் பெரும்பாலும் இந்தக் கோணத்தைவிடச் சாய்வாகவே விழும். அதனால் முழு அக எதிரொளிப்பு அடைந்து முன்புறமே திரும்பிவிடும். கண்ணாடிக் கல்லிலோ பெரும்பகுதி பின்வழியே நழுவிவிடும்.

ஆனால் அசையாத வைரம் பாதி வைரம்தான். ஒவ்வொரு பட்டையும் மெல்லிய ஒளிக்கற்றை ஒன்றை ஒரே திசையில் அனுப்புகிறது. அது உங்கள் கண்மணியில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கல்லை ஆட்டினால்? கண்ணாடியை 1 டிகிரி திருப்பினால், எதிரொளித்த கதிர் 2 டிகிரி திரும்பும் என்று படித்திருக்கிறீர்கள். இரண்டு மீட்டர் தொலைவில் அது 7 சென்டிமீட்டர் நகர்வு! கண்மணியின் அகலமோ சில மில்லிமீட்டர். ஆகவே ஒளி கண்ணைத் தொட்டுவிட்டு ஓடும். உள்ளே போய் வரும் கதிர்கள் நிறம் பிரிந்து வருவதால், ஒரு கணம் சிவப்பு, மறுகணம் நீலம்.

இதற்காக மலரைக் காம்போடு இறுகப் பற்றவைக்காமல், சிறு சுருள்வில்லின்மேல் நிறுத்தினார்கள். அணிந்தவர் மூச்சுவிட்டாலே பூ நடுங்கும். இந்த உத்தி மாசினுக்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. அவர் அதில் கைதேர்ந்தவர். வில் தளர்ந்தால் பூ தொங்கும். விறைத்தால் நடுக்கம் மிக வேகமாகி, மின்னல்கள் கண்ணில் ஒன்றாகக் கலந்துவிடும். பூவின் நிறையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகும் என்பதை, சூத்திரம் எழுதாமலே கைப்பழக்கத்தில் அறிந்திருக்க வேண்டும்.

பிற்காலத்தில் மோகம் மாறியதும் இத்தகைய பழைய வைர நகைகள் பலவற்றை உடைத்தார்கள். கற்கள் வேறு நகைகளில் ஏறின. சுருள்வில்லுக்கு விலை ஏது?

கம்மலிலிருந்து கழன்ற, பட்டை தீட்டிய கண்ணாடிக் கல் ஒன்றைப் பந்துமுனைப் பேனாவின் சுருளில் ஒட்டுங்கள். இருட்டறையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி முன் தட்டிவிட்டுப் பாருங்கள். பிறகு நீண்ட குழல்விளக்கைப் போடுங்கள். மினுமினுப்பு எங்கே போயிற்று, ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.