யாருக்கு எந்தப் பொருள்?

அசாம் மாநிலத்தில் தேயிலைத் தோட்டங்கள் நிறைய இருக்கின்றன. பெரிய தோட்டம் ஒன்றில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். குடை, கம்பளி, செருப்பு, தார்ப்பாய்த் துண்டு போன்ற பொருள்களைக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கொடுப்பது வழக்கம். இவை தானம் அல்ல. வேலைக்குத் தேவையான பொருள்கள்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒன்று கொடுத்தால் போதுமா? போதாது. ஏன் என்று பார்ப்போம்.

வேலைக்கு ஏற்ற குழு

கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே நல்ல மழை. மழையிலும் கொழுந்து பறிக்க வேண்டும். செடி இடுப்பளவு உயரம் இருக்கும். ஈரச் செடி உரசினால் சேலை நனையும். கிளை கீறும். ஆகவே இடுப்பில் கட்டத் தார்ப்பாய்த் துண்டு வேண்டும். இரண்டு கையாலும் பறிக்கும்போது குடை பிடிக்க முடியாது. அசாமில் 'ஜாப்பி' என்ற அகன்ற தொப்பி உண்டு. மூங்கிலாலும் ஓலையாலும் செய்தது. அது தலையில் இருந்தால் கை இரண்டும் வேலை செய்யும்.

மருந்து அடிப்பவருக்கு வேறு பொருள் வேண்டும். பூச்சி மருந்து மூச்சு வழியாக உடலுக்குள் போகும். தோல் வழியாகவும் போகும். இவருக்கு முகமூடி, கண்ணாடி, கையுறை, பூட்ஸ் ஆகியவை வேண்டும்.

ஆலையில் கொழுந்தை வாட்டுவார்கள், உருட்டுவார்கள், உலர்த்துவார்கள். அங்கே தேயிலைத் தூசி பறக்கும். மூக்கை மூட வேண்டும். ஓடும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி ஆபத்து. உடம்போடு ஒட்டிய உடை வேண்டும்.

ஆகவே வேலையைப் பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். பிறகு குழுவுக்குள் அளவு பார்க்க வேண்டும். 8ஆம் எண் காலுக்கு 6ஆம் எண் பூட்ஸ் பொருந்தாது.

பட்டியலில் யார் பெயர்?

அங்கே ஒவ்வொரு குழுவையும் 'சர்தார்' என்பவர் கவனிப்பார். நம் பக்கத்து மலைத் தோட்டங்களில் கங்காணி என்பார்களே, அதுபோல. குழுவுக்கு ஒரு பட்டியல் இருக்க வேண்டும். பெயர், வேலை, அளவு, பொருள், தேதி, கையெழுத்து என ஆறு கட்டங்கள் போதும்.

வேலை மாறினால் பட்டியலும் மாற வேண்டும். இந்தப் பேச்சைப் படியுங்கள்.

"சர்தார், இந்த வாரம் என்னை மருந்து அடிக்கப் போட்டிருக்கிறீர்கள். முகமூடி வேண்டும்."

"உன் பெயர் களை வெட்டும் குழுவில்தானே இருக்கிறது?"

"பெயர் அங்கே இருக்கிறது. ஆள் இங்கே நிற்கிறேனே! மருந்துக்கு என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று தெரியுமா?"

"சரிதான். பெயரை மாற்றி எழுதுகிறேன். முகமூடி வந்த பிறகு தெளிப்பானைத் தூக்கு."

கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் தற்காலிகத் தொழிலாளிகளும் வருவார்கள். அவர்களை அங்கே 'ஃபால்ட்டு' என்பார்கள். அதற்கு 'உபரி' என்று பொருள். நிரந்தரமானவர் நனையும் அதே மழையில்தான் அவர்களும் நனைகிறார்கள். குழு பிரிக்கும்போது அவர்களையும் எண்ண வேண்டும்.

சட்டம் என்ன சொன்னது?

1951ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மழை, குளிரிலிருந்து காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைக் கொடுக்கும்படி விதி செய்ய அதில் இடம் இருந்தது. 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள், மருந்தைக் கையாளுபவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்றன. 2010இல் தோட்டச் சட்டத்தைத் திருத்தினார்கள். மருந்து அடிப்பவருக்குப் பயிற்சியும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும் என்று சேர்த்தார்கள்.

கையெழுத்துப் போடும் முன்

பொருள் கைக்கு வந்துவிட்டதா? எண்ணிக்கை சரியா? அளவு சரியா? கிழிசல் உண்டா? இவற்றைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். "பிறகு தருகிறோம், இப்போது போடுங்கள்" என்றால், "பொருள் வரும் அன்று போடுகிறேன்" என்று சொல்லுங்கள். கையெழுத்து இருந்தால் வாங்கியதாகத்தான் கணக்கு. வராத பொருளைப் பிறகு கேட்பது கடினம். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவருக்கு அவர் வரியை வாசித்துக் காட்டுங்கள்.

பேசுவோம்

1. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் என்னென்ன பொருள்கள் தருகிறார்கள்?
2. எந்த வேலைக்கு எந்தப் பொருள் தேவை?
3. பட்டியலில் விடுபட்டவர்கள் யார்?

எழுதுவோம்

உங்கள் குழுவில் ஐந்து பேருக்குப் பட்டியல் எழுதுங்கள். ஆறு கட்டம் போடுங்கள். கையெழுத்துக் கட்டத்தை மட்டும் காலியாக விடுங்கள்.