அடுத்த வீட்டில் அடி விழுந்தால்: ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காட்டுக் காப்பித் தோட்ட லயன்களில் ஒரே சுவருக்கு இரு பக்கமும் குடித்தனம். அடி விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கேன் வம்பு" என்று கதவைச் சாத்திக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருப்பதை 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு பதிவுசெய்தது. அடிபட்டவள் கூலி நாளை இழக்கிறாள், பிள்ளையின் படிப்பு கெடுகிறது. அதைப் பார்த்தே வளரும் மகனுக்கு அடிப்பது இயல்பாகிவிடுகிறது. ஆகவே விழிப்புணர்வு வேலையை அக்கம்பக்கத்தாரிடமிருந்தே தொடங்குங்கள்.

முதலில் நேரம் பாருங்கள். பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை தனிக் கூட்டம் போடாதீர்கள்; நாளெல்லாம் கூடை சுமந்தவர்களால் உட்கார முடியாது. சுய உதவிக் குழு கூடும் நாளில் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மேஸ்திரிகளையும் ஊர்ப் பெரியவர்களையும் தனியே பாருங்கள். "குடிச்சாத்தான் கை நீட்டுவான், மத்தபடி நல்லவன்" என்பார்கள். குடித்துவிட்டு மேஸ்திரியை அவன் அடிக்கிறானா என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்து சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மூன்று செய்திகள் போதும். அடி மட்டுமல்ல, ஓயாத வசவும் கூலியைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறையே. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்க உரிமை உண்டு. மூன்றாவதை அழுத்திச் சொல்லுங்கள்: வன்முறை நடப்பதை அறிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் பாயாது. சாட்சி சொன்னால் நம் தலையில் விடியுமோ என்ற பயம்தான் பல வாய்களை அடைத்திருக்கிறது.

துண்டுப் பிரசுரத்தை அடிபடும் பெண்ணின் கையில் திணிக்காதீர்கள். கணவர் கண்ணில் பட்டால் அதற்கும் அடி விழும். 181 என்ற மகளிர் உதவி எண்ணை மனப்பாடம் செய்யவையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112, குழந்தைகளுக்கு 1098, இலவச சட்ட உதவிக்கு 15100. எங்கே நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கடைசி பஸ் போனபின் அடி விழுந்தால் அவள் எங்கே ஒதுங்குவாள்? ஊருக்கு இரண்டு வீடுகளையாவது பேசி வையுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தக நகல்கள் அங்கே இருக்கட்டும். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை; எப்படி அடிபட்டது என்பதை மறைக்காமல் எழுதவைக்க வேண்டும். வழுக்கி விழுந்தேன் என்று பதிவானால் பிறகு வழக்கு தள்ளாடும்.

சேலம் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். மனுவை 60 நாளுக்குள் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்கிறது சட்டம். அதுவரை அவள் பலமுறை மலையிறங்க வேண்டியிருக்கும். பஸ் கட்டணத்துக்குக் குழுவில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். கூடப் போவது யார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.