உமியை நிறுக்கப் பழகுங்கள்

நொதியத் துறையில் வேலை தேடும் உயிரியல் பட்டதாரிக்கு என் முதல் யோசனை: நெல்லு மில்லின் பின்பக்கம் போய் ஒரு பை உமி அள்ளி வாருங்கள்.

காரணம் இருக்கிறது. 2011இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆர். கபிலனும் வசந்தி அரசரட்ணமும் 'ரைஸ் சயன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உமியில் பசிலஸ் பியூமிலஸ் பற்றீரியாவை வளர்த்து, சைலனேசு எடுத்த வேலை அது. கோழித் தீவனத்துக்கும் பாண் மாவுக்கும் கடதாசிக் கூழை வெளுக்கவும் வேண்டிய நொதியம். தொடக்கத்தில் ஒரு கிராம் உலர்நிறைக்கு 142 அலகு கிடைத்தது. விலைகொடுத்து வாங்கும் சைலானுக்குப் பதிலாகச் சோளப்பொத்தியின் சக்கையைப் போட்டார்கள்; 224 ஆனது. பிறகு கச்சான், எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, சோயா மா என ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். சோயா வென்றது: 326. ஊடகச் செலவோ ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்காகிவிட்டது.

அதே கட்டுரையில் குளுக்கோசு சேர்த்தபோது விளைச்சல் குறைந்தது. ஏன் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இலகுவான சீனி கையில் இருக்கும்போது, சைலானை உடைக்கும் நொதியத்தைச் செய்யப் பற்றீரியா மினக்கெடாது. நேர்முகத்தில் நான் கேட்பதென்றால் இதைத்தான் கேட்பேன்.

இனிக் கைவேலை. சக்கையை அரைத்து, நீர்த்த சோடியம் ஐதரொட்சைட்டில் ஊறவையுங்கள், கையுறை கட்டாயம். தண்ணீர் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். நாரைப் பொத்திப் பிடித்திருந்த லிக்னின் கழன்று வருவதன் அடையாளம் அது. பிறகு கழுவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். பாசிச்சாயத்தாள் நீலமாவது நிற்கும் வரை கழுவுங்கள். அவசரப்பட்டால் மிஞ்சிய காரம் ஊடகத்தின் pH-ஐக் குழப்பி, ஒரு கிழமை வேலையைக் கெடுத்துவிடும்.

அடுத்தது நிறை. ஈர உமியை நிறுத்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். 105 பாகையில் நிறை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, அந்த எண்ணை எழுதுங்கள். அலகுக்குப் பக்கத்தில் ரூபாயையும் எழுதுங்கள்: சக்கைக்கு எவ்வளவு, காரத்துக்கு எவ்வளவு, கழுவிய தண்ணீர் எத்தனை லீற்றர். தீவன ஆலை முதலாளி முதலில் கேட்பது விலையைத்தான்.

பிழைத்த தொகுதிகளையும் திகதியோடு ஒரு கொப்பியில் குறியுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழோடு அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள்.